“என் மோதிரத்தைக் காணோம்டா!” - முதியோர் இல்லத்தில் பெற்றோரின் பொருள்களைப் பாதுகாப்பது எப்படி?

“கண்ணா, என் மோதிரத்தைக் காணோம்டா.”

“நல்லா தேடிப் பாருங்கம்மா. தலையணைக்கு அடியில எங்கேயாவது இருக்கும்.”

“எல்லா இடத்திலயும் பார்த்துட்டேன். யாரோ எடுத்துட்டாங்க.”

“யாரும்மா எடுக்கப்போறாங்க? நீங்களே எங்கேயாவது வெச்சுட்டு மறந்திருப்பீங்க. ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கிறேன்.”

அம்மாவையோ அப்பாவையோ முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கும் வீடுகளில் இப்படி ஒரு தொலைபேசிப் பேச்சு ஏதோ ஒரு வடிவத்தில் நடந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் நாலைந்து நாள்கள் ஓடிவிடும். அதற்குள் படுக்கை விரிப்பு சலவைக்குப் போய்த் திரும்பியிருக்கும். குப்பை வண்டி வந்து போயிருக்கும். சிசிடிவி பதிவுகூட அழிந்துபோயிருக்கலாம். மோதிரம் எங்கே போனது என்பது கடைசிவரை தெரியாமலேயே போய்விடும்.

மிஞ்சுவது இரண்டு மனக்காயங்கள். ‘நான் சொல்வதை என் பிள்ளையே நம்பவில்லை’ என்பது அம்மாவின் காயம். ‘பத்து வருஷமா இங்கே வேலை பார்க்கிறேன், என்னைத் திருடின்னு நினைக்கிறாங்களே’ என்பது அந்த அறையைப் பெருக்கும் ஆயாவின் காயம்.

இரண்டையும் பெருமளவு தவிர்க்க முடியும். அதற்கு லாக்கரோ, கேமராவோ, பெரிய செலவோ தேவையில்லை. பெற்றோரைச் சேர்க்கும் முதல் நாளில் ஒரு தாள், ஒரு செல்போன், ஒரு மணி நேரம் இருந்தால் போதும். எப்படி என்று பார்ப்போம்.

(நம் ஊரில் ‘நர்சிங் ஹோம்’ என்றால் சிறிய தனியார் மருத்துவமனை. வெளிநாடுகளில் அந்தச் சொல், முதியவர்கள் தங்கிப் பராமரிப்புப் பெறும் இல்லத்தைக் குறிக்கும். இந்தக் கட்டுரை பேசுவது அத்தகைய இல்லங்களைப் பற்றித்தான். வீட்டில் ஆள் வைத்துப் பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும்.)

காணாமல் போவது நகை மட்டுமல்ல!

திருட்டு என்றதும் நமக்கு நகையும் பணமும்தான் நினைவுக்கு வரும். ஆனால், இல்லத்தில் இருப்பவரின் அன்றாடத்தைக் குலைப்பது வேறு சில பொருள்கள். காது மெஷின், பல்செட், மூக்குக்கண்ணாடி, செல்போன், சார்ஜர், ஸ்வெட்டர், நல்ல சால்வை, பிளாஸ்க், ஹார்லிக்ஸ் பாட்டில், டயப்பர் பாக்கெட் எனப் பட்டியல் நீளும்.

பல்செட் போனால் சப்பாத்தியும் பொரியலும் போய்விடும். கஞ்சியும் ரசம் சாதமும்தான் கதி என்றாகி, உடம்பு இளைக்கும். புதிதாக அளவெடுத்துச் செய்து வர வாரக்கணக்கில் ஆகும். காது மெஷின் போனால், பக்கத்துக் கட்டில்காரரோடு பேச்சு நின்றுபோகும். நாம் போனில் பேசுவதும் கேட்காது. கண்ணாடி போனால் செய்தித்தாள் போகும், டி.வி போகும், நடக்கும்போது தடுக்கி விழும் ஆபத்தும் வரும். ஒரு சவரன் மோதிரத்தைவிட, இவற்றில் ஒன்று தொலைவது அந்த வயதில் பெரிய இழப்பு.

இவற்றில் பலவும் திருடு போவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சாப்பிடும்போது பல்செட்டைக் கழற்றி டிஷ்யூ பேப்பரில் சுற்றி வைப்பார்கள். தட்டோடு சேர்த்து அதுவும் குப்பைக்குப் போய்விடும். தூங்கும்போது கழன்று விழுந்த காது மெஷின், விரிப்போடு சுருட்டப்பட்டு வாஷிங் மெஷினுக்குள் போய்விடும். ஒருவருடைய நைட்டி இன்னொருவர் அலமாரிக்குப் போவது சலவை நாள்களில் சகஜம். இவற்றுக்கெல்லாம் காவல் நிலையம் தேவையில்லை. பெயர் எழுதிய ஒரு டப்பாவும், கொஞ்சம் கவனமும் போதும்.

திருட்டா, மறதியா?

டிமென்ஷியா எனும் மறதி நோய் இருப்பவர்கள் பொருளை ஒளித்து வைப்பார்கள். வைத்த இடம் மறந்துவிடும். உடனே ‘யாரோ எடுத்துட்டாங்க’ என்று தோன்றும். ‘என் பொருளைத் திருடுகிறார்கள்’ என்ற சந்தேகம், இந்த நோயில் அடிக்கடி காணப்படும் அறிகுறிகளில் ஒன்று. அதுவும் பெரும்பாலும், தன்னை அதிகம் பார்த்துக்கொள்பவர் மீதுதான் அந்தச் சந்தேகம் விழும். வீட்டில் இருந்தபோது மருமகள் மீது விழுந்தது, இல்லத்தில் ஆயா மீது விழும்.

ஆனால், இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மறதி நோய் இருப்பவரிடம் நிஜமாகவே திருடவும் முடியும். சொல்லப்போனால் அவரிடம் திருடுவதுதான் சுலபம். ‘அவங்களுக்கு மறதி, அப்படித்தான் சொல்வாங்க’ என்று எல்லோரும் கடந்துபோவார்கள் என்பது எடுப்பவருக்குத் தெரியும்.

எனவே, அம்மாவின் சொல்லை அப்படியே ஏற்று யார் மீதாவது பாயவும் கூடாது, மறதி என்று ஒதுக்கவும் கூடாது. “சரிம்மா, நான் பார்க்கிறேன். கடைசியா எப்போ பார்த்தீங்க? என்ன செஞ்சிட்டு இருந்தீங்க?” என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தேடுங்கள். தலையணை உறைக்குள், பழைய கைப்பைக்குள், மடித்த புடவைக்குள், மாத்திரை டப்பாவில், சாமி படத்துக்குப் பின்னால், செருப்புக்குள், குப்பைக்கூடையில் என வழக்கமாக ஒளித்து வைக்கும் இடம் ஒவ்வொருவருக்கும் ஒன்று உண்டு. வீட்டில் அவர் எங்கே பணம் வைப்பார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். இல்லத்து ஊழியர்களுக்கு அது தெரியாது. முதல் நாளே சொல்லி வையுங்கள்.

முதல் நாள் பட்டியல்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். இல்லத்தில் சேர்க்கும் அன்று, கொண்டு போகும் ஒவ்வொரு பொருளையும் பட்டியலிட்டு, இல்லத்தின் மேலாளரோ வார்டனோ அதில் கையெழுத்திடச் சொல்லுங்கள். ஒரு பிரதி இல்லத்தின் கோப்பில், ஒரு பிரதி உங்களிடம், ஒரு பிரதி பெற்றோரின் அலமாரியில் இருக்கட்டும்.

பட்டியலில் ‘மோதிரம் - 1’ என்று எழுதினால் போதாது. ‘சிவப்புக் கல் வைத்த தங்க மோதிரம், 4 கிராம், வலது கை மோதிர விரலில் அணிந்திருக்கிறார்’ என்று எழுத வேண்டும். செல்போன் என்றால் கம்பெனி, மாடல், நிறத்தோடு ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் குறியுங்கள். போனில் *#06# அழுத்தினால் அந்த எண் திரையில் வரும். காது மெஷினின் வரிசை எண் அதன் மீதோ, பில்லிலோ இருக்கும்.

ஒவ்வொரு பொருளையும் போனில் படம் எடுங்கள். நகையைத் தனியாக ஒரு படம், அம்மா அணிந்திருக்கும்போது ஒரு படம். பக்கத்தில் ஒரு ஸ்கேலோ நாணயமோ வைத்து எடுத்தால் அளவு புரியும். படங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். தேதியோடு அங்கே இருக்கும், உங்கள் போன் தொலைந்தாலும் மற்றவர்களிடம் இருக்கும்.

பட்டியல் போடும்போது அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். அவர் பொருள்கள், அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். எது எங்கே வாங்கியது என்று கதை சொல்வார். அவசரப்படுத்தாமல் கேளுங்கள்.

பட்டியலைப் புதுப்பிப்பது அடுத்த வேலை. தீபாவளிக்குப் புதுப்புடவை எடுத்துக் கொடுத்தீர்களா? பட்டியலில் சேருங்கள். பழைய ஸ்வெட்டரை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டீர்களா? அடித்துவிடுங்கள். ஆயாவுக்கு அம்மாவே பிரியப்பட்டு ஒரு புடவையைக் கொடுத்தாரா? ‘கொடுத்தது’ என்று தேதியோடு எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அம்மா அதை மறந்துவிட்டு ‘என் புடவையை அவ கட்டியிருக்கா’ என்றால், அந்த ஒரு வரிதான் ஆயாவைக் காப்பாற்றும்.

பட்டியலின் அருமையே இதுதான். பொருள் இருந்தது என்பதற்கு அது அம்மாவின் சாட்சி. எடுக்கவில்லை என்பதற்கு அதுவே ஊழியரின் சாட்சி.

பேர் வெட்டுவது நமக்குப் புதிதா என்ன?

சீர்வரிசைப் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள். பந்திக்கு இரவல் போன குத்துச்சட்டியும் அண்டாவும் சரியாக வீடு திரும்பக் காரணம் அந்த எழுத்துதான். துணிக்கும் இந்தப் பழக்கம் உண்டு. சலவைத் தொழிலாளர்கள் ஒருகாலத்தில் சேங்கொட்டைச் சாற்றால் துணியின் ஓரத்தில் குறி போடுவார்கள். எத்தனை முறை வெளுத்தாலும் அது அழியாது. அதே வேலையை இன்று அழியாத மார்க்கர் பேனா செய்யும்.

- துணிகள்: உள்பக்கத் தையலில், கழுத்துப் பட்டியில் பெயரும் அறை எண்ணும் எழுதுங்கள். புடவைக்கு முந்தானையின் உள் ஓரம். தையல் கடையில் பெயர் தைத்த சிறு பட்டி வாங்கியும் ஒட்டித் தைக்கலாம்.
- டம்ளர், தட்டு, பிளாஸ்க்: பாத்திரக் கடையில் பெயர் வெட்டிவிடுங்கள்.
- பல்செட்: புதிதாகச் செய்வதாக இருந்தால், உள்ளே பெயரைப் பதிக்க முடியுமா என்று பல் மருத்துவரிடம் கேளுங்கள். கழற்றினால் வைப்பதற்கு, பளிச்சென்ற நிறத்தில் பெயர் எழுதிய மூடி போட்ட டப்பா ஒன்று கட்டாயம் வேண்டும்.
- கண்ணாடி: காம்பின் உள்பக்கம் பெயர். கழுத்தில் மாட்டும் கயிறு இருந்தால் இன்னும் நல்லது. பழைய பவர் கண்ணாடியை உபரியாக வைத்திருங்கள்.
- காது மெஷின்: இரவில் கழற்றி வைக்கும் இடம் ஒன்றுதான் என்று பழக்குங்கள். சட்டையோடு இணைக்கும் கிளிப் கயிறும் கிடைக்கிறது.
- ஊன்றுகோல், வாக்கர், வீல்சேர்: எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். பெயரோடு ஒரு வண்ண ரிப்பனும் கட்டிவிடுங்கள்.

பெயர் எழுதிய பொருளைத் திருடி விற்பது கடினம். அதைவிட முக்கியம், தவறுதலாக இடம் மாறிய பொருள் தானாகவே திரும்பி வரும்.

நகையை என்ன செய்வது?

பொதுவான ஆலோசனை ஒன்றுதான். விலை உயர்ந்த நகை இல்லத்துக்கு வேண்டாம். ஆனால் ‘கழட்டிக் கொடுங்கம்மா’ என்று சொல்வது அத்தனை சுலபமல்ல. ஐம்பது வருடம் காதில் கிடந்த தோட்டைக் கழற்றச் சொல்வது, வீட்டைவிட்டு வந்தவரிடமிருந்து மிச்சம் இருந்ததையும் வாங்கிக்கொள்வதுபோல இருக்கும். முடிவு அவருடையதாக இருக்கட்டும். ‘எது இல்லாமல் இருக்க முடியாது?’ என்று கேளுங்கள். ஒரு மூக்குத்தி, ஒரு ஜோடி சின்னத் தோடு என்று அவர் சொன்னால், அது இருக்கட்டும். தாலிக்கொடியைப் பத்திரப்படுத்திவிட்டு, மஞ்சள் கயிற்றில் தாலியை மட்டும் கோத்து அணிவது நம் வீடுகளில் பழகிய வழிதான்.

மற்றவற்றைப் பேங்க் லாக்கரில் வையுங்கள். 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிதல் அல்லது வங்கி ஊழியரின் மோசடியால் லாக்கர் பொருள்களுக்கு இழப்பு நேர்ந்தால், ஆண்டு வாடகையைப்போல 100 மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும். நகையின் முழு மதிப்பும் கிடைக்கும் என்று இதற்குப் பொருளல்ல. ஆனாலும் தலையணைக்கு அடியில் இருப்பதைவிடப் பத்திரம். லாக்கருக்கு நாமினி பெயர் கொடுத்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள்.

சமீப ஆண்டுகளில் வாங்கிய ஹால்மார்க் நகைகளில் எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க ஹெச்.யூ.ஐ.டி. குறியீடு இருக்கும். அதைப் பட்டியலில் எழுதி வையுங்கள். ‘பிஐஎஸ் கேர்’ ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் நகையின் விவரம் வரும். தொலைந்த நகை கிடைக்கும்போது, ‘இது எங்களுடையதுதான்’ என்று நிறுவ இதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

பணம், ஏடிஎம் கார்டு, கட்டைவிரல்

கையில் பணமே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். பேரன் வந்தால் கையில் வைக்க ஒரு 100 ரூபாய் நோட்டு, கோயில் உண்டியலில் போட சில்லறை, பண்டிகை நாளில் ஆயாவுக்குக் கொடுக்க ஏதோ கொஞ்சம் இல்லாவிட்டால் அவர்களுக்கு உயிரே போன மாதிரி இருக்கும். சுருக்குப்பையில் 10, 20, 50 ரூபாய் நோட்டுகளாகச் சிறு தொகை இருக்கட்டும். போனால் மனம் ஆறக்கூடிய அளவு தொகைதான் கணக்கு. கூடுதல் பணத்தை இல்ல அலுவலகத்தில் ரசீது வாங்கிக்கொண்டு கட்டுங்கள். செலவுக்கு நோட்டுப் போட்டு, மாதம் ஒருமுறை நீங்கள் சரிபாருங்கள்.

பெரிய இழப்பு நடப்பது வேறு இடத்தில். ‘கொஞ்சம் பணம் எடுத்துட்டு வாம்மா’ என்று ஏடிஎம் கார்டையும் ரகசிய எண்ணையும் ஒருவரிடம் கொடுப்பது. ரகசிய எண்ணை நாமே சொல்லி, அதனால் பணம் போனால், வங்கியில் தகவல் தெரிவிக்கும்வரை ஏற்பட்ட நஷ்டம் முழுவதும் வாடிக்கையாளருடையதே என்கிறது ரிசர்வ் வங்கி 2017-ல் வெளியிட்ட விதிமுறை. கார்டு உங்களிடம் இருக்கட்டும். பெற்றோரின் வங்கிக் கணக்கின் எஸ்.எம்.எஸ். யாருடைய போனுக்கு வருகிறது என்று பாருங்கள். ஊழியர் கையில் இருக்கும் போனுக்கு ஓ.டி.பி. வரக் கூடாது.

ஆதார் கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் வசதி கிராமங்களில் பெரிய உதவி. ஆனால், இல்லத்தில் இருப்பவரின் விரலைப் பிடித்து வைக்க யாராலும் முடியும். ஆதாருக்கு ‘பயோமெட்ரிக் லாக்’ போட்டுவிட்டால் கைரேகையால் பணம் எடுக்க முடியாது. வேண்டும்போது திறந்துகொள்ளலாம்.

வங்கிக்குப் போக முடியவில்லை என்பதற்காகக் கார்டைக் கொடுக்க வேண்டியதில்லை. 70 வயதைக் கடந்தவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் வங்கிகள் இருப்பிடத்துக்கே வந்து பணம் கொடுப்பது, ஆயுள் சான்றிதழ் பெறுவது போன்ற சேவைகளைச் செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. கிளை மேலாளரிடம் கேளுங்கள். பென்ஷன்தாரர்களின் ஆயுள் சான்றிதழை முகப் பதிவு மூலம் போனிலேயே கொடுக்கும் வசதியும் இருக்கிறது.

இன்னொன்று. வெற்றுத்தாளில் கையெழுத்தோ கைநாட்டோ கூடாது, யார் கேட்டாலும். ‘யார் கேட்டாலும்’ என்பதில் உறவினர்களும் அடக்கம். பார்க்க வந்த சொந்தமே வளையலைக் கழற்றிப் போனதும், பத்திரத்தில் கைநாட்டு வாங்கியதும் குடும்பங்களில் நடக்காத சங்கதியா என்ன? பழி விழுவது மட்டும் எப்போதும் ஊழியர் மீது. வருகைப் பதிவேட்டில் உறவினரும் நேரத்தோடு கையெழுத்திட வேண்டும் என்ற விதி நல்ல விதி. அதற்காகக் கோபப்படாதீர்கள்.

சேர்க்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

அறை, சாப்பாடு, டாக்டர் வருகை எல்லாம் விசாரிக்கும் நாம், இவற்றைக் கேட்பதில்லை.

1. ஒவ்வொருவருக்கும் பூட்டுப் போட்ட அலமாரி அல்லது இழுப்பறை உண்டா? சாவி யாரிடம் இருக்கும்?
2. பொருள் பட்டியல் போடும் வழக்கம் உண்டா? கையெழுத்திட்டுத் தருவீர்களா?
3. நகை, பணத்தை அலுவலகத்தில் கொடுத்து வைத்தால் ரசீது உண்டா?
4. ஊழியர்களின் முகவரி, அடையாளச் சான்று, முன்பு வேலை பார்த்த இடம் சரிபார்க்கப்பட்டதா? ஏஜென்சி மூலம் தற்காலிகமாக வருபவர்களுக்கும் அது உண்டா?
5. நடைபாதையில், வாசலில் சிசிடிவி இருக்கிறதா? பதிவு எத்தனை நாள் இருக்கும்? (படுக்கை அறைக்குள் கேமரா என்பது வேறு விஷயம். உடை மாற்றும் இடம் அது. அந்த அறையில் இருக்கும் எல்லோருடைய சம்மதமும் இல்லாமல் அது கூடாது.)
6. பொருள் தொலைந்தால் யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும்? அதற்குப் பதிவேடு உண்டா?

ஆறாவது கேள்விக்கு ‘எங்க இல்லத்துல எதுவும் தொலையாது சார்’ என்று பதில் வந்தால் உஷாராகுங்கள். ‘தொலைந்தால் இப்படிச் செய்வோம்’ என்று பதிவேட்டைக் காட்டும் இல்லமே நம்பத் தகுந்தது. இல்லம் முறையாகப் பதிவு பெற்றதா என்பதை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இவை சட்டமாகவே இருக்கின்றன. நர்சிங் ஹோமில் சேரும்போதே பொருள் பட்டியல் போட வேண்டும். 25 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள பொருள் தொலைந்தாலோ, திருடு போனாலோ பதிவேட்டில் எழுத வேண்டும். 100 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள பொருள் திருடப்பட்டதாகக் கருதக் காரணம் இருந்தால், 36 மணி நேரத்துக்குள் போலீஸுக்குச் சொல்ல வேண்டும். சட்டம் இல்லாவிட்டாலும், இதே மூன்றையும் நம் ஊர் இல்லங்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்தே செய்ய முடியும். நாம் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

‘பொருள்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’

பல இடங்களில் இந்தப் போர்டைப் பார்த்திருப்போம். சேர்க்கைப் படிவத்திலும் சின்ன எழுத்தில் இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்ததா?

டெல்லியில் ஒரு நட்சத்திர ஹோட்டலில், நிறுத்தச் சொல்லி ஊழியரிடம் சாவி கொடுத்த கார் திருடு போனது. ‘உரிமையாளர் பொறுப்பில் நிறுத்தப்படுகிறது’ என்று டோக்கனில் அச்சிட்டிருப்பதாக ஹோட்டல் வாதிட்டது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பொருளைத் தன் பொறுப்பில் வாங்கிக்கொண்ட பிறகு, தன் தரப்பின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்கு அப்படி ஒரு வரியை அச்சிட்டுத் தப்ப முடியாது என்றது.

அது ஹோட்டல், இது இல்லம். ஒவ்வொரு வழக்கும் அதனதன் ஆதாரத்தைப் பொறுத்தது. ஆனால், அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அறையில் எங்கோ வைத்த மோதிரத்துக்கும், அலுவலகத்தில் ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படைத்த மோதிரத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஒப்படைத்ததற்கு எழுத்து இருந்தால் உங்கள் கை ஓங்கும்.

கட்டணம் வாங்கும் இல்லம் என்றால், சேவைக் குறைபாட்டுக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். வக்கீல் கட்டாயமில்லை. முதலில் ஆலோசனை வேண்டுமென்றால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

நள்ளிரவு ஆம்புலன்ஸ்

பொருள்கள் தொலைய அதிக வாய்ப்புள்ள நேரம் இது. இரவு 2 மணிக்கு மூச்சுத்திணறல். ஆம்புலன்ஸ் வருகிறது. இல்லத்திலிருந்து ஒருவர் கூடப் போகிறார். அவசர சிகிச்சைப் பிரிவில் தோடும் வளையலும் கழற்றப்படுகின்றன. அவற்றை யார் வாங்கினார்? நாம் பதறி ஓடும்போது அந்தக் கேள்வி நினைவிலேயே இருக்காது. இரண்டு நாள் கழித்துக் கேட்டால், இல்லம் மருத்துவமனையைக் காட்டும், மருத்துவமனை இல்லத்தைக் காட்டும்.

எனவே, முன்கூட்டியே இல்லத்தில் எழுதிக் கொடுங்கள். ‘மருத்துவமனைக்குக் கொண்டு போனால் நகை, பல்செட், காது மெஷின், கண்ணாடி ஆகியவற்றை இந்தப் பையில் போட்டு, என்னென்ன என்று எழுதி, இன்னாரிடம் கொடுக்கவும்’ என்று ஒரு துணிப்பையையும் கொடுத்து வையுங்கள். மருத்துவமனையில் நகையை ஒப்படைக்கும்போது யார் கையெழுத்து வாங்கப்படுகிறது என்று கேளுங்கள். அறையைப் பூட்டச் சொல்லுங்கள்.

பெற்றோர் இறந்துபோகும் நாளிலும் இதே குழப்பம் வரும். துக்கத்தில் யாரும் பொருளைப் பற்றிப் பேச மாட்டார்கள், பேசவும் கூசும். பிறகு அண்ணன் தம்பிக்குள், அக்கா தங்கைக்குள் ‘அந்தச் சங்கிலி எங்கே போச்சு’ என்று மனஸ்தாபம் வரும். பட்டியல் இருந்தால், அதை வைத்து யாராவது ஒருவர் அமைதியாகச் சரிபார்த்து வாங்கிவிடலாம்.

தொலைந்துவிட்டது. இப்போது?

ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே செய்ய வேண்டியவை இவை:

- பெற்றோர் சொல்வதை முழுதாகக் கேட்டு, தேதி, நேரத்தோடு எழுதுங்கள்.
- மேலாளருக்கு உடனே போன் செய்து, அறை, சலவை, குப்பை மூன்றையும் தேடச் சொல்லுங்கள்.
- எழுத்தில் புகார் கொடுங்கள். வாட்ஸ்அப்போ மின்னஞ்சலோ போதும். ‘சிசிடிவி பதிவை அழியாமல் எடுத்து வைக்கவும்’ என்ற வரி அதில் இருக்கட்டும்.
- செல்போன் என்றால் சிம்மை முடக்குங்கள். போலீஸ் புகார் நகலோடு, ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொடுத்துப் போனையும் முடக்கலாம்.
- ஏடிஎம் கார்டு, வங்கிப் பணம் என்றால் முதலில் வங்கிக்குச் சொல்லி முடக்குங்கள். இணைய வழியில் பணம் போயிருந்தால் உடனே 1930 எண்ணுக்குப் பேசுங்கள். நேரம் போகப் போக மீட்பது கடினம்.
- நகையோ, பெரிய தொகையோ என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீதோ, எஃப்.ஐ.ஆர். நகலோ வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். மனிதர் வசிக்கும் கட்டடத்துக்குள் நடக்கும் திருட்டுக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-வது பிரிவின்படி 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. பட்டியலும் படமும் பில்லும் புகாரோடு இருக்கட்டும்.
- இல்லம் புகாரைக் காதில் வாங்கவில்லை என்றாலோ, புகார் சொன்னதால் பெற்றோரை நடத்தும் விதம் மாறினாலோ, 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழையுங்கள். காலை 8 முதல் இரவு 8 மணி வரை இயங்கும் இலவசச் சேவை இது.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. எல்லோர் முன்னாலும் ஆயாவின் பையைக் கொட்டிப் பார்ப்பதும், ‘நீதானே எடுத்தே’ என்று மிரட்டுவதும் வேண்டாம். குறைந்த சம்பளத்தில், நாம் செய்யாத வேலையை நம் பெற்றோருக்குச் செய்பவர் அவர். விசாரிப்பது நிர்வாகத்தின் வேலை, போலீஸின் வேலை. பொருள் பிறகு தலையணை உறைக்குள் கிடைத்தால், ‘கிடைச்சிடுச்சும்மா, மன்னிச்சுக்கோங்க’ என்று அதே எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்.

வந்து போகிறவர்களின் பொருள் தொலையாது

பூட்டு, பெயர், பட்டியல், ரசீது எல்லாம் இருந்தும், ஒன்று இல்லாவிட்டால் இவை பாதிதான் வேலை செய்யும். அது நம் வருகை. யாரும் பார்க்க வராதவரின் அலமாரியில் என்ன இருக்கிறது என்று கேட்க ஆள் இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு நேரத்தில் போங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் வீடியோ கால் பேசும்போது, ‘அம்மா, அந்த நீல ஸ்வெட்டரைப் போட்டுக்கோங்களேன், பார்க்கிறேன்’ என்று கேளுங்கள். உள்ளூரில் இருக்கும் ஓர் உறவினரையோ நண்பரையோ மாதம் ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அலமாரியை அம்மாவோடு சேர்ந்து அடுக்குங்கள். கிழிந்ததை மாற்றலாம், அழிந்த பெயரை மீண்டும் எழுதலாம், காணாததை அன்றே கேட்கலாம். அடுத்த முறை அவர் ‘காணோம்டா’ என்று சொல்லும்போது, ‘மறந்திருப்பீங்க’ என்று சொல்லத் தோன்றாது. என்ன இருந்தது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.